இருநூத்தம்பத்தாறுக்குக் கீழே

அந்தப் பொட்டியைத்தானுங்களே பாக்கறீங்க தம்பி? உள்ள வர்ற எல்லாருமே முதல்ல அதைத்தான் பாப்பாங்க. செவுத்துல ஒட்டிக்கிட்டு பச்சை லைட்டு கண்ணைச் சிமிட்டுதில்லீங்களா, கேமரான்னு நினைச்சுக்குவாங்க. கேமரா இல்லீங்க. உங்க வீட்டுக்காரம்மா உள்ள குழந்தையை வெச்சுக்கிட்டுப் படுத்திருக்காங்க, இந்த ரூம்ல போயி கேமரா வெப்பனா? அது வாயுப் பொட்டி. கரிப்புகையில இருக்கற விஷம் ரூமுக்குள்ள சேந்துச்சுன்னா கத்தும். அதுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது, மனுஷனுக்குத் தெரியாது. பொட்டிக்குத்தான் தெரியும். அதுக்குள்ள ஓடற புரோகிராம் இருக்குதுங்களே, அது என்ற கைப்பட எழுதினது.

உக்காருங்க. சேரைக் கரிக் கணப்புக்கிட்ட இழுத்துப் போட்டுக்குங்க. ரோட்டுல விழுந்த மரத்தை அறுத்து எடுக்கறதுக்கு இன்னும் நேரமாகுமுங்க. கோத்தகிரியிலிருந்து ஆளு வரணும், மெஷின் வரணும், மழை விடணும். மத்தியானம்தான், ஆனாப் பாருங்க, பொழுது விழுந்தாப்பல இருட்டிக்கிச்சு. கதவை நல்லாச் சாத்தினீங்களா? ஜன்னல் இடுக்குல நானே துணியைத் திணிச்சு வெச்சிருக்கறேன். இல்லாட்டி இந்தக் காத்து எலும்புக்குள்ள பூந்துக்கும். கைக்குழந்தை இருக்கற இடம் வேற. நடுக்கதவு மட்டும் திறந்தே இருக்கட்டும், சூடு உள்ள போகணுமில்ல.

எழுதுனது நானுன்னு சொன்னா நம்பமாட்டேங்கறாங்க தம்பி. ஹோம்ஸ்டே நடத்தறவன், டீ போட்டுக் குடுக்கறவன், இவன் என்னத்தைக் கிழிச்சிருப்பான்னு ஒரு பார்வை பாப்பாங்க. நீங்க பாக்கலீங்க, நீங்க நல்ல மனுஷரு. கோயமுத்தூர்ல ஒரு கம்பெனி. பேரு வேண்டாம், பேரைச் சொன்னா எனக்கு வயித்தெரிச்சல்தான். ஓனரு குப்புராஜ். அவரு பம்புக்கு ஸ்டார்ட்டர் செஞ்சுக்கிட்டிருந்த ஆளு, அதை வாயுப் பொட்டி செய்யற அளவுக்குக் கொண்டாந்தது யாருன்னு நினைக்கறீங்க? சரி, அதை விடுங்க.

நீங்க கம்ப்யூட்டர் லைனா? இல்லையா? பரவாயில்லைங்க, சொல்றேன், இதுல ஒண்ணும் வித்தையில்லை. அந்தப் பொட்டிக்குள்ள இருக்கற சிப்பு ரொம்ப அடிமட்டம். உங்க செல்போன் சிப்பு யானைன்னா இது எறும்பு. அதுக்குப் புள்ளி வெச்ச கணக்கே தெரியாது. முழு எண்ணுதான் தெரியும். ஒன்றரை கிலோன்னு சொன்னா முழிக்கும். ஆயிரத்தைந்நூறு கிராமுன்னு சொன்னாப் புரிஞ்சுக்கும். அதனால எல்லாத்தையும் கிராம் ஆக்கி உள்ள குடுத்துப்போட்டு, புள்ளி எங்க இருக்குதுன்னு நம்ம மனசுல வெச்சுக்கணும். அவ்வளவுதான். அதுல நான் கில்லாடிங்க.

அப்ப என்ன பிரச்சினைன்னா, பாட்டரி. நான் வர்றதுக்கு முந்தி இருந்த புரோகிராம் கிராம், மில்லிகிராமுன்னு எல்லாத்தையும் கட்டிக் காப்பாத்திக்கிட்டு இருந்துச்சு. சிப்புக்கு ஓயாத வேலை, தூங்கவே நேரமில்லை. பாட்டரி ரெண்டு மாசத்துல செத்துப் போகும். அதோட இன்னொரு தொல்லை, சும்மாச் சும்மா கத்தும். அடுப்படியில தாளிச்சா கத்தும், பனி எறங்கினா கத்தும். லாட்ஜுக்காரங்க போன் பண்ணி குப்புராஜைத் திட்டுவாங்க. அவரு வந்து என்னைத் திட்டுவாரு.

நான் என்ன பண்ணினேன் தெரியுங்களா? கவனிங்க, இதுதான் சங்கதி. பொட்டி நொடிக்குப் பல தடவை காத்தை மோந்து பாக்குது. ஒவ்வொரு தடவையும் ஒரு எண்ணு வரும். அதை அப்படியே நம்பக் கூடாது, சராசரி போடணும். புது எண்ணுக்கும் பழைய சராசரிக்கும் என்ன வித்தியாசமோ, அதை இருநூத்தம்பத்தாறால வகுத்து, வர்றதைப் பழைய சராசரியோட சேர்த்துக்கணும். வகுத்தல்தான் சிப்பு முதுகை ஒடிக்கற வேலை. நான் வகுக்கலைங்க. அப்படியே எண்ணை வலது பக்கமா ஒரு தள்ளு. ஓரத்துல நிக்கற சில்லறையெல்லாம் கீழ விழுந்துரும், மிச்சம் இருக்கறதுதான் விடை. அந்தச் சில்லறையை மத்தவங்கெல்லாம் தனியா ஒரு இடத்துல சேர்த்து வெப்பாங்க, அடுத்த தடவைக்கு ஆகுமுன்னு. அதுக்கு இடம் வேணும், நேரம் வேணும். எனக்கு எதுக்குங்க சில்லறை? விழட்டும்னு விட்டுட்டேன்.

வேகம் பறந்துச்சு. வேலையை முடிச்சுட்டு சிப்பு பாட்டுக்குத் தூங்குச்சு. பாட்டரி ரெண்டு வருஷம் வந்துச்சு. அதைவிடப் பெரிய ஆச்சரியம், வீண் கத்தல் அத்தனையும் நின்னு போச்சு. வித்தியாசம் இருநூத்தம்பத்தாறுக்குக் கீழ இருந்தா விடை பூஜ்யமுங்க. நூறு வந்தாலும் பூஜ்யம், இருநூறு வந்தாலும் பூஜ்யம். சின்னச் சின்ன சமாச்சாரத்துக்கெல்லாம் அது அசையாது. ஆனா இறங்கறப்பப் பாருங்க, ஒண்ணு குறைஞ்சாக்கூட உடனே இறங்கிக்கும். தள்ளுற கணக்குல கழித்தல் எண்ணுக்கு அப்படி ஒரு குணம். ஏறறதுக்கு யோசிக்கும், இறங்கறதுக்கு யோசிக்காது. அமைதியான பொட்டி. குப்புராஜ் என்னைக் கட்டிப் புடிச்சாரு. "லோகநாதா, நீ எனக்குச் சாமி மாதிரிடா"ன்னாரு. அந்த மனுஷன்தான் அப்புறம்... சொல்றேன், இருங்க.

தலையைத் தேய்க்கறீங்களே, வலிக்குதா? அது ஒண்ணுமில்லீங்க, கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தீங்கல்ல. புதுசா வர்ற எல்லாருக்கும் இருக்கும். என்ற சம்சாரம் வசந்தாமணிக்கு இந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்தே தலைவலி. காலையில எந்திரிச்சா குமட்டல் வேற. மேட்டுப்பாளையத்துல தங்கச்சி வீட்டுக்குப் போயி ரெண்டு நாள் இருந்தாச் சரியாப் போயிரும். திரும்ப வந்தா மறுபடியும் வலி. மலை அவளுக்கு ஒத்துக்கலைங்க. இப்ப அங்கேயே தங்கிட்டா. நான் வற்புறுத்தலை. இன்னும் ரெண்டு கரி போடட்டுமா? போடறேன். பாருங்க, என்னமா கனியுது.

எங்க விட்டேன்? மேகலா. அவளைப் பத்தித்தான் சொல்ல வந்தேன். ஈரோட்டுப் பொண்ணு. பொட்டி வெளிய போறதுக்கு முந்தி சோதிச்சுப் பாக்கற வேலை அவளுக்கு. எங்க கம்பெனியில சோதனைன்னா என்ன தெரியுங்களா? ஊதுபத்தி. மேசை மேல சாமி படம், படத்துக்கு முன்னாடி ஊதுபத்தி. ஒண்ணை எடுத்துப் பத்த வெச்சு பொட்டியோட மூக்குக்கிட்ட காட்டணும். அலறுச்சுன்னா சீல் ஒட்டி அனுப்பறது. குப்புராஜ் ஆரம்பிச்ச காலத்துல இருந்து அப்படித்தான். கடைக்காரனும் வாங்கறவனுக்கு முன்னாடி ஊதுபத்திதான் காட்டுவான், வாங்கறவனும் வீட்டுக்குப் போயி ஊதுபத்திதான் காட்டுவான். என்ற புரோகிராம் ஒரு பொட்டியில கூடத் தவறினதில்லைங்க. புகை போனதும் எண்ணு எகிறும், வித்தியாசம் ஐந்நூறு அறுநூறுன்னு வரும், கத்தித் தீத்துரும்.

அப்புறம் அந்த லாட்ஜு விவகாரம் வந்துச்சு. எந்த ஊருன்னு கேக்காதீங்க. மலைதான். குளிர்காலம். புதுசாக் கல்யாணமான பையனும் பொண்ணும். ரூமுக்குள்ள கரிச்சட்டி வெச்சுக்கிட்டுப் படுத்தவங்க எந்திரிக்கவே இல்லை. கதவை உடைச்சு உள்ள போனப்ப செவுத்துல எங்க பொட்டி, பச்சை லைட்டோட. பேப்பர்ல போட்டாங்க. நான் படிச்சேன். பாவம்தான், எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா போலீஸே எழுதிட்டாங்களே, ஜன்னல் இடுக்குல பெட்ஷீட்டைத் திணிச்சு வெச்சிருந்தாங்கன்னு. அறிவு வேணாமுங்களா? மூச்சு விடக் காத்து வேணுமில்ல? அதுக்கு புரோகிராம் எழுதினவன் என்ன பண்ணுவான்?

மேகலா சும்மா இருக்கலை. அந்த ரூம் பொட்டியை வாங்கிட்டு வந்து, ஒரு மீன் தொட்டியைக் கவுத்துப்போட்டு, அதுக்குள்ள அந்தப் பொட்டி ஒண்ணு, வெளிநாட்டு மீட்டர் ஒண்ணு, ரெண்டையும் வெச்சிருக்கறா. கீழ ஒரு குழாய் வழியா வாயுவை உள்ள விடறா. எப்படி? சொட்டுச் சொட்டா தண்ணி ஒழுகுற மாதிரி. காத்தால ஆரம்பிச்சவ மத்தியானம் வரைக்கும் விட்டுக்கிட்டே இருந்தா. மீட்டர் ஏறிக்கிட்டே போச்சு. ஆளு மயங்கற அளவையும் தாண்டிப் போச்சாம். நம்ம பொட்டி பச்சையிலயே நின்னுச்சு. எல்லாரையும் கூப்பிட்டுக் காமிச்சா. ஆளு மயங்கற அளவுலயும் வித்தியாசம் இருநூத்தம்பத்தாறுக்குக் கீழ சில்லறையாத்தான் நிக்குது, உங்க புரோகிராம் சில்லறையைக் கீழ தள்ளுது, கடைசி வரைக்கும் அதுக்குச் சங்கதியே தெரியறதில்லைன்னு விளக்கம் வேற.

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். ஏம்மா, யாராச்சும் இப்படிச் சோதிப்பாங்களான்னு கேட்டேன். அரை நாளு சொட்டுச் சொட்டா விட்டா எந்தப் பொட்டிதான் தாங்கும்? அங்கேயே ஒரு ஊதுபத்தியைப் பத்த வெச்சு அதே பொட்டிகிட்டக் காமிச்சேன். என்னமா அலறுச்சு தெரியுங்களா. பாத்துக்குங்க, உசுரோடதான் இருக்குதுன்னேன். ரெண்டு பேரு கை தட்டினாங்க. அவ சத்தம் போடலை, மெதுவாத்தான் சொன்னா.

"ஊதுபத்தி ஒரேயடியா வருதுங்ணா. மனுஷன் கொஞ்சம் கொஞ்சமாத்தாங்ணா சாவான்."

நான் சிரிச்சுட்டேன். வேற என்ன பண்ணறது? சின்னப் பொண்ணு, நாலு கட்டுரை படிச்சுட்டு வந்து பேசுது. ஆனா குப்புராஜ் சிரிக்கலைங்க. அந்த மனுஷனுக்குக் கோர்ட்டு கேஸ் பயம். அடுத்த வாரமே என்ற புரோகிராமைத் தூக்கிப்போட்டு அவளோடதைப் போட்டாங்க. சில்லறையெல்லாம் சேர்த்து வெக்கற பழைய ஏற்பாடுதான், கொஞ்சம் மினுக்கி எழுதியிருந்தா. பாட்டரி மறுபடியும் மாசக் கணக்குக்கு வந்துருச்சு. வித்த பொட்டியையெல்லாம் திரும்ப வாங்கணுமுன்னு ஒத்தைக் கால்ல நின்னா. பாதிதான் திரும்பி வந்துச்சு, மிச்சம் எங்கெங்கியோ செவுத்துல இருக்குது, இந்தப் பொட்டியும் அதுல ஒண்ணு. இருக்கட்டுமே, அதெல்லாம் நல்ல பொட்டி. எனக்கு சீட்டைத் தூக்கி ஸ்டோர் ரூம் பக்கம் போட்டாங்க. என்ற கிட்டப் பேச வேண்டியவங்க அவ கிட்டப் போயிப் பேசினாங்க. ஒரு நாளு என்ற பேனாவை மட்டும் எடுத்துக்கிட்டு வந்துட்டேன். இப்பவும் நெஞ்சு எரியுது தம்பி. எனக்கு அந்தக் கம்பெனி போனது பெருசில்லை, நான் எழுதினதுல தப்புன்னு சொல்லிப்போட்டாங்களே, அதுதான்.

கொட்டாவி விடறீங்க. நான் பேசறது போரடிக்குதோ? இல்லையா? தூக்கமா வருதா? இந்தச் சூட்டுக்கு வரத்தான் செய்யும். எனக்கே கண்ணு சொருகுது.

இன்னொண்ணு கேளுங்க, இது வேடிக்கை. நான் இங்க வீடு வாங்கி ஹோம்ஸ்டே போட்டது எப்படியோ மேகலாவுக்குத் தெரிஞ்சிருக்குது. ஒரு பார்சல் அனுப்பினா. பிரிச்சுப் பாத்தா, அவ பொட்டி. புது புரோகிராம் போட்டது. கூட ஒரு துண்டுச் சீட்டு, "அண்ணா, கோவம் என் மேலயே இருக்கட்டும், இதை மட்டும் ரூம்ல மாட்டிக்குங்க"ன்னு. வசந்தாமணிதான் மாட்டச் சொன்னா. சரி, நம்ம பொட்டிக்குப் பக்கத்துலயே மாட்டினேன், எது நல்ல பொட்டின்னு அவளும் பாக்கட்டுமுன்னு. கணப்பை மூட்டி கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், அந்தப் பொட்டி கத்த ஆரம்பிச்சுது பாருங்க, நிக்கவே இல்லை. நம்மளுது பச்சையில அமைதியா இருக்குது. அடுத்த நாளும் மூட்டினேன், அடுத்த நாளும் கத்துச்சு. கணப்பு மூட்டற அன்னிக்கெல்லாம் கத்துச்சுங்க. நான் வசந்தாமணியைக் கூப்பிட்டுக் காமிச்சேன். "பாத்தியா, இந்த லட்சணத்துக்குத்தான் என்னை வெளிய அனுப்பினாங்க"ன்னேன். பாட்டரியைப் புடுங்கி அந்தா அந்த அலமாரிக்குள்ள போட்டுட்டேன். அதுக்கப்புறம்தான் வீட்டுல நிம்மதி. வசந்தாமணிக்குத்தான் அந்த வாரத்துல தலைவலி அதிகமாகி, கிளம்பிப் போனா.

என்னங்க எந்திரிச்சுட்டீங்க? உக்காருங்க. ஜன்னல்கிட்ட எதுக்குப் போறீங்க? அந்தத் துணியை எடுக்காதீங்க தம்பி, சாரல் அடிக்கும். எதுக்குப் பயப்படறீங்கன்னு தெரியுது. அந்த லாட்ஜு கதையைக் கேட்டுட்டு நீங்களும் மிரண்டுட்டீங்க. நான் அதுக்காகவா சொன்னேன்? சரி, உங்க சந்தேகத்தை இப்பவே தீத்து வெக்கறேன். வாங்க. இதோ ஊதுபத்தி. கணப்புலயே பத்த வெச்சுக்கறேன். இப்ப இதைப் பொட்டிகிட்டக் கொண்டு போறேன். காதைப் பொத்திக்குங்க.

கேட்டுச்சா? என்ன சத்தம், ஊரே எந்திரிக்கும். இது செத்த பொட்டியா? சொல்லுங்க. பாருங்க, ஊதுபத்தியை எடுத்ததும் இறங்கிருச்சு, மறுபடியும் பச்சை. எடுத்தா இறங்கணும், அதுதான் நல்ல பொட்டிக்கு அழகு. உள்ள எட்டிப் பாருங்க, உங்க குழந்தை இத்தனை சத்தத்துக்கும் அசையக்கூட இல்லை. என்ன தூக்கம் பாருங்க. இப்படித் தூங்கற குழந்தை கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்.

ஏனுங்க, எதுக்கு இப்படி ஓடறீங்க? மெதுவா, அந்த ஸ்டூல் காலைத் தட்டும். அம்மிணியை எதுக்குங்க உலுக்கறீங்க, தூங்கறவங்களைப் போயி? என்னங்கம்மா, நடக்க முடியலையா? காலு துவளுதா? வாந்தியா? பரவாயில்லைங்க, நான் தொடைச்சுக்கறேன், வளைவு ஏறி வந்தா அப்படித்தான் இருக்கும். தம்பி, குழந்தையைத் தூக்கிக்கிட்டு எங்க போறீங்க? மழை கொட்டுது. சொன்னாக் கேளுங்க. கதவைத் திறக்காதீங்க தம்பி, தம்பி...

என்ன குளிரு. என்ன குளிரு பாருங்க. வாசல்ல ஓட்டுக்கு அடியிலயாச்சும் நில்லுங்க, மழைத் தண்ணியில நிக்காதீங்க. குழந்தை முகத்துல எதுக்கு ஊதறீங்க? அடிக்காதீங்க அதைக் கன்னத்துல. அம்மிணி, நீங்களாச்சும் சொல்லுங்க இவருக்கு. அழாதீங்க, எதுக்கு அழறீங்க, என்ன ஆச்சு இப்ப?

அந்தா. அழுதுருச்சு. நான் சொன்னனில்ல, குளிருதுன்னு. இதமாத் தூங்கிக்கிட்டிருந்ததைக் கொண்டாந்து மழைக்காத்துல நிறுத்தினா அழாம என்ன பண்ணும்? ரெண்டு பேரும் குழந்தையைக் கட்டிக்கிட்டு இப்படி அழறீங்களே, நான் என்னமோ பண்ணிப்போட்ட மாதிரி. எனக்கு மனசுக்கு எப்படி இருக்குது தெரியுமா? வீட்டுக்குள்ள கூப்பிட்டு உக்கார வெச்சேன், கரி போட்டேன், டீ குடுத்தேன். நீங்களும் கடைசியில மேகலா கட்சிதான்.

இல்லீங்க, நான் எதுக்கு வெளிய வரணும்? எனக்கு ஒண்ணுமில்லை. தள்ளாடறனா? ரொம்ப நேரம் உக்காந்தே பேசினதுல காலு மரத்துப் போச்சு, அவ்வளவுதான். தலை கொஞ்சம் பாரமா இருக்குது, அது தினமும் இருக்கறதுதான். கையைப் புடிச்சு இழுக்காதீங்க தம்பி, பெரியவங்களை அப்படிப் பண்ணக் கூடாது. கணப்பை அணைக்கச் சொல்றீங்களா? இந்த மழையிலயா? பொட்டியைப் பாருங்க, இங்க இருந்தே தெரியுது, பச்சைதான். பொட்டி சொல்லுது ஒண்ணுமில்லைன்னு, நீங்க சொல்றீங்க இருக்குதுன்னு. நான் யாரை நம்பறது?

நீங்க கார்ல போயி உக்காந்துக்குங்க. மரத்தை எடுத்ததும் கிளம்புங்க, சொல்லிட்டுப் போகோணுமுன்னு கூட இல்லை. நான் உள்ள போயி கொஞ்ச நேரம் கண்ணசர்றேன். தலையைச் சாச்சா சரியாப் போயிரும். கதவுலிருந்து காலை எடுங்க தம்பி. சொல்றது கேக்குதா? உள்ள இருக்கற சூடெல்லாம் வீணாப் போகுது, காலை எடுங்க, நான் சாத்திக்கறேன்.